வியாபாரம் காவலாகுமா?



காடு வெறுமையாவதற்கும் கடல் வறண்டுபோவதற்கும் வியாபாரிகளின் பேராசையே காரணம் என்று பலரும் கூறக் கேட்டிருக்கிறோம். இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. யானைத் தந்தத்துக்கும், காண்டாமிருகத்தின் கொம்புக்கும், புலித்தோலுக்கும் தூரதேசச் சந்தைகளிற் கிடைத்த விலையே அந்த விலங்குகளுக்கு எமனாயிற்று. ஆகவே, வியாபாரத்தை அடியோடு தடைசெய்துவிட்டால் விலங்குகள் பிழைத்துக்கொள்ளும் என்ற முடிவுக்கு வருவது எளிது.

ஆயினும், சட்டப் புத்தகத்திலுள்ள தடை மாத்திரம் ஒரு விலங்கைக் காப்பாற்றிவிடுமா? தடையினாற் பட்டினி கிடக்கும் ஏழை, அந்தத் தடைக்குக் காவலனாக நிற்பானா? ஒழுங்கு செய்யப்பட்ட சர்வதேச வர்த்தகம், உயிரினப் பல்வகைமைக்கு எதிரியாக இராமல் காவலாகவும் அமையக்கூடுமா? இக்கேள்விகளை இவ்வாரம் ஆராய்வோம். உயிரினப் பல்வகைமை என்றால், இவ்வுலகில் வாழும் விலங்கு, பறவை, மீன், மரம், செடி ஆகியவற்றின் எண்ணற்ற வகைகளும், அவை ஒன்றையொன்று சார்ந்து வாழும் ஒழுங்குமாகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எனவே, நடந்து முடிந்த ஓர் உண்மை வரலாற்றை முதலிற் பார்ப்போம். பின்னர் எமது கடற்கரைக்குத் திரும்புவோம்.

தங்க உரோமம் படைத்த விலங்கு

தென்னமெரிக்காவின் மேற்குப் புறமாக நீண்டு கிடக்கும் அந்தீஸ் மலைத்தொடரின் உச்சிப் புல்வெளிகளில் வாழும் காட்டு விலங்கு விக்குஞா. கடல் மட்டத்திலிருந்து 3,200 மீற்றர் தொடக்கம் 4,800 மீற்றர் வரையான உயரமே அதன் இருப்பிடம். எமது நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகால 2,524 மீற்றர் உயரமே என்பதை நினைவிற் கொண்டால், அந்த இடத்தின் குளிரை ஒருவாறு ஊகிக்கலாம்.

விக்குஞா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அதற்குத் திமில் இல்லை. மானைப் போன்ற மெல்லிய உடலும், நீண்ட கழுத்தும், தேன் நிறமும் கொண்டது. ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் ஈனாது. பேரு, பொலீவியா, ஆர்ஜென்ரீனா, சிலி ஆகிய நான்கு நாடுகளே அதன் தாயகம். பேரு நாட்டின் அரச இலச்சினையில் 1825-ம் ஆண்டு முதல் விக்குஞாவின் உருவம் இடம்பெற்று வருகிறது.

உறைபனியைத் தாங்குவதற்காக இயற்கை இவ்விலங்குக்கு அளித்த உரோமம் மிக மிக நுண்ணியது. அதன் ஓர் இழையின் தடிப்பு 12 முதல் 13 மைக்ரோன். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன். எமது தலைமுடியின் தடிப்பு 50 மைக்ரோனுக்கும் அதிகம் என்றால், இதன் மென்மையை நீங்களே உணர்ந்துகொள்ளலாம். இந்த மென்மையே விக்குஞாவுக்குச் சாபமாயிற்று. பிற்காலத்தில் அதுவே வரமுமாயிற்று.

முன்னோர் கண்ட முறை

ஸ்பானியர் வருமுன் அம்மலைநாட்டை ஆண்டவர்கள் இன்கா மன்னர்கள். விக்குஞாவின் உரோமத்தால் நெய்த ஆடை அரச குடும்பத்தினருக்கும் உயர்குடியினருக்கும் மாத்திரம் உரியது. அதைச் சேகரிப்பதற்கு அவர்கள் கையாண்ட முறைக்குச் 'சக்கு' என்று பெயர். ஆயிரக்கணக்கான மக்கள் மலைச்சரிவுகளில் வளையமாக நின்று, சிறிது சிறிதாக வளையத்தைச் சுருக்கி விலங்குகளை நடுவே கொண்டுவருவர். உரோமத்தைக் கத்தரித்த பின்னர் விக்குஞாக்களை உயிருடன் விட்டுவிடுவர். இன்கா தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த கார்சிலாசோ என்ற எழுத்தாளர், 1609-ம் ஆண்டு வெளியான தமது நூலில் இதை விவரித்திருக்கிறார். நாட்டைப் பல பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கிற் சக்கு நடத்தினால் மீண்டும் அவ்விடத்துக்கு வர நான்கு ஆண்டுகள் செல்லும் என்றும், விலங்குகளின் எண்ணிக்கையை முடிச்சுக் கயிறுகளிற் பதிவு செய்தார்கள் என்றும் அவர் எழுதியுள்ளார்.

கவனியுங்கள். எண்ணிப் பார்த்தல், முறை வைத்து எடுத்தல், எடுத்தபின் ஓய்வு கொடுத்தல் ஆகிய மூன்றையும் எழுத்தறியாத ஒரு நாகரிகம் அறிந்திருந்தது.

1532-ம் ஆண்டு ஸ்பானியர் வந்தனர். அவர்களுடன் துப்பாக்கியும் வந்தது. நூற்றுக்கணக்கானோர் கூடிப் பிடித்துக் கத்தரிப்பதிலும் பார்க்க, ஒருவன் மறைந்திருந்து சுட்டு வீழ்த்தித் தோலை உரிப்பது இலகு. அன்று ஏறக்குறைய இருபது இலட்சமாக இருந்ததென மதிப்பிடப்படும் விக்குஞாக்கள், 1960-களில் பத்தாயிரத்துக்கும் குறைவாகிவிட்டன.

தனித்து நின்ற தடை

இதை யாரும் தடுக்க முயலவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். முயன்றார்கள். தென்னமெரிக்க விடுதலை வீரர் சிமோன் பொலிவார் 1825-ம் ஆண்டிலேயே விக்குஞாவைக் கொல்வதைத் தடைசெய்து கட்டளை பிறப்பித்தார். அதன் பின்னரும் சட்டங்கள் வந்தன. ஆயினும் ஒன்றரை நூற்றாண்டாக அழிவு தொடர்ந்தது. ஏன்?

காரணத்தை அறிய, அந்த மலையில் ஆடு மேய்க்கும் ஓர் ஏழையின் கண்ணாற் பார்க்க வேண்டும். அவனுக்கு இருப்பதோ சிறிது புல்வெளி. அதில் அவனது செம்மறிகளும் அல்பாக்காக்களும் மேய வேண்டும். விக்குஞாவும் அதே புல்லைத்தான் தின்கிறது. அதனால் அவனுக்கு ஒரு சல்லிக்காசு வருமானமில்லை. அதைத் தொட்டாற் சிறை என்கிறது சட்டம். கள்ள வேட்டைக்காரன் இரவில் வந்து சுட்டுக்கொண்டு போனால், அதைத் தடுக்க அவன் ஏன் தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? ஒருவேளை வேட்டைக்காரனுக்கு வழிகாட்டினால், அவன் கையிற் சில நாணயங்களாவது விழும்.

வேலியின் மேல் உரிமையில்லாதவன் வேலிக்குக் காவல் நிற்பதில்லை. இதுவே தடைச் சட்டம் தோற்ற இரகசியம்.

நாடுகள் கைகோத்தன

1967-ம் ஆண்டு பேரு அரசாங்கம் ஆயக்கூச்சோ பிரதேசத்திலே பம்பா கலேராஸ் என்ற இடத்தை விக்குஞாக்களுக்கான சரணாலயமாக்கியது. 1969-ல் பேருவும் பொலீவியாவும் லாபாஸ் நகரில் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஆர்ஜென்ரீனாவும் சிலியும் பின்னர் அதிற் சேர்ந்தன. மலையின் ஒரு பக்கத்திற் சட்டமும் மறுபக்கத்திற் சட்டமின்மையும் இருந்தால், சட்டமில்லாத பக்கத்தாற் கள்ளச் சரக்கு வெளியேறிவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இதே காலத்திற்றான் உலகளாவிய ஓர் ஏற்பாடும் உருவாயிற்று. அழியும் ஆபத்திலுள்ள காட்டு விலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றின் சர்வதேச வர்த்தகம் பற்றிய அவ்வுடன்படிக்கை, 1973-ம் ஆண்டு மார்ச் 3-ம் திகதி வாஷிங்டன் நகரிற் கைச்சாத்தாகி, 1975 யூலை 1-ம் திகதி நடைமுறைக்கு வந்தது. 'சைற்றிஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். இலங்கை 1979-ம் ஆண்டு அதில் இணைந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதன் அங்கத்துவ நாடுகளாக உள்ளன.

இவ்வுடன்படிக்கை எல்லா வியாபாரத்தையும் தடைசெய்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. அதன் முதலாம் அட்டவணையிலுள்ள இனங்களைக் காட்டிலிருந்து எடுத்து இலாப நோக்குடன் விற்பது தடை. இரண்டாம் அட்டவணையிலுள்ளவற்றை விற்கலாம். ஆனால் ஏற்றுமதி செய்யும் நாடு இரண்டு காரியங்களை உறுதிசெய்து அனுமதிப்பத்திரம் வழங்க வேண்டும். ஒன்று, அப்பொருள் சட்டப்படி பெறப்பட்டது என்பது. மற்றது, இவ்வளவு எடுப்பதால் அவ்வினத்தின் வாழ்வுக்குப் பங்கம் நேராது என்று அறிவியல் அதிகாரிகள் கண்டறிந்தது. உடன்படிக்கையில் இடம்பெறும் 40,000-க்கும் மேற்பட்ட இனங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாம் அட்டவணையிலேயே உள்ளன. மூன்றாம் அட்டவணை, தனியொரு நாடு தன் இனங்களைக் காக்கப் பிற நாடுகளின் உதவியைக் கோருவதற்கானது.

விக்குஞா 1975-ல் முதலாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. உலகச் சந்தையின் கதவு அதற்கு மூடப்பட்டது. அழிவின் விளிம்பில் நின்ற ஓர் இனத்துக்கு மூச்சுவிட நேரம் கொடுக்க அது அவசியமாயிருந்தது. ஆனால் 1979 டிசெம்பரில் லீமா நகரில் அந்தீஸ் நாடுகள் கூடிப் புதியதோர் உடன்படிக்கை செய்தபோது, அதில் ஒரு முக்கியமான வாக்குறுதி அடங்கியிருந்தது. விக்குஞாவைக் காப்பதால் வரும் பயன், அந்தீஸ் மலைவாழ் மக்களையே சேர வேண்டும் என்பதே அது.

போரும் காவலும்

1980-ம் ஆண்டு ஆயக்கூச்சோவில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆயுதக் குழுவினருக்கும் அரச படையினருக்கும் இடையிலே சிக்கி மலைக்கிராமங்கள் நாசமாயின. இப்போரில் ஏறக்குறைய 69,000 பேர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர் என்றும், அவர்களுள் நால்வரில் மூவர் கெச்சுவா அல்லது வேறு சுதேச மொழி பேசிய எளிய மக்கள் என்றும் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2003-ல் அறிவித்தது. இது எத்தகைய வேதனை என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

காவலர்கள் சரணாலயத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. கள்ள வேட்டைக்காரர் உட்புகுந்தனர். அரசின் சம்பளத்துக்குக் காவல் நிற்பவர் போன பின்னர் யார் காப்பது? அந்த மண்ணை விட்டுப் போக முடியாதவர்களே காக்க வேண்டும். அவர்கள் காக்க வேண்டுமானால், காப்பதில் அவர்களுக்கு ஒரு பங்கு இருக்க வேண்டும்.

உயிருடன் இருந்தாலே இலாபம்

1987-ம் ஆண்டு சைற்றிஸ் மாநாடு ஒரு புதிய முடிவை எடுத்தது. பேருவிலும் சிலியிலும் குறிப்பிட்ட சில இடங்களில் வாழும் விக்குஞாக்கள் இரண்டாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டன. உயிருடன் பிடித்து, உரோமம் கத்தரித்து, மீண்டும் விடப்பட்ட விலங்குகளின் உரோமத்தால் நெய்த துணியை மாத்திரம் விற்கலாம். துணியின் கரையிலே விக்குஞாவின் பெயரும், அது பிறந்த நாட்டின் பெயரும் அடையாளமாக நெய்யப்பட்டிருக்க வேண்டும். 1994-ல் பேருவின் விக்குஞாக்கள் அனைத்துக்கும் இம்மாற்றம் விரிவுபடுத்தப்பட்டது. மறு ஆண்டு பேரு நாடு இயற்றிய சட்டம், கிராமச் சமூகங்களின் நிலங்களில் மேயும் விக்குஞாக் கூட்டங்கள் அச்சமூகங்களுக்கே உரியவை என்று கூறிற்று. 2002-ல் ஐக்கிய அமெரிக்காவும் தனது இறக்குமதித் தடையைத் தளர்த்தியது.

பழைய சக்கு மீண்டும் உயிர்பெற்றது. பம்பா கலேராஸில் ஆண்டுதோறும் யூன் 24-ம் திகதி அது ஒரு பெருவிழா. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும், வண்ணத் துணித்துண்டுகள் கட்டிய நீண்ட கயிற்றைப் பிடித்தபடி, மலைவெளியைச் சுற்றி வளைத்து மெல்ல நடந்து வருவார்கள். விக்குஞாக்கள் கயிற்றைத் தாண்ட அஞ்சி, முன்னே குவிந்திருக்கும் பட்டிக்குள் ஓடும். அங்கே ஒவ்வொன்றையும் பிடித்துப் பரிசோதிப்பார்கள். நோயுற்றது, உரோமம் போதிய நீளம் வளராதது ஆகியவற்றைக் கத்தரிக்காமலே விட்டுவிடுவார்கள். மற்றவற்றின் முதுகிலும் விலாவிலும் உள்ள உரோமத்தை மாத்திரம் எடுத்துவிட்டு, அன்றைக்கே அவிழ்த்து விடுவார்கள். ஒரு விலங்கிலிருந்து கிடைப்பது 200 முதல் 250 கிராம் வரை. ஒரு கிலோ சேர நான்கு, ஐந்து விக்குஞாக்கள் வேண்டும். அதே விலங்கை மீண்டும் கத்தரிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இப்போது அந்த இடையனின் கணக்கு மாறிவிட்டது. சுட்டால் ஒரு முறை. விட்டால் அது வாழும் காலமெல்லாம். கள்ள வேட்டைக்காரனின் வாகனம் தூரத்தே தெரிந்தால், ஊரே எழுந்து நிற்கிறது. பேருவில் 1994-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 66,000 ஆக இருந்த விக்குஞாக்கள், 2012-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,08,000-ஐத் தாண்டின. எல்லா நாடுகளிலுமாக அவற்றின் தொகை மூன்று இலட்சத்துக்கு மேலே சென்றது. ஒரு காலத்தில் அழியும் இனமாக எண்ணப்பட்ட விலங்கு, பிழைத்துக்கொண்ட இனமாயிற்று.

குறைகளையும் காண்போம்

நன்மையை மாத்திரம் கூறி முடித்தால் அது பாடமாகாது. இவ்வேற்பாட்டில் வெளிப்படையான குறைகள் உள்ளன.

முதலாவது, நீதிக் குறைவு. உரோமத்தை எடுத்துக்கொடுக்கும் கிராமத்துக்கு ஒரு கிலோவுக்குச் சில நூறு டொலரே கிடைக்கிறது. அதுவே ஐரோப்பிய நகரமொன்றின் கண்ணாடிக் கடையில் மேலங்கியாகத் தொங்கும்போது, அதன் விலை பல்லாயிரம் டொலர். வாங்குபவர் சிலர், விற்பவரோ சிதறிக் கிடக்கும் ஏழைக் கிராமத்தவர். இந்நிலையில் விலையைத் தீர்மானிப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. உழைத்தவன் வீட்டு அடுப்பு எரியாவிட்டால், அவன் மறுபடியும் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டத் தொடங்குவான். ஆகவே நீதியான விலை என்பது ஏழைக்கிடும் பிச்சையன்று. அதுவே விலங்கின் காவலுக்கு அத்திவாரம்.

இரண்டாவது, வேலி. பேருவிலே பல இடங்களில் பிடிக்கும் வேலையை இலகுவாக்க, பரந்த மேய்ச்சல் நிலத்தைக் கம்பி வேலியால் அடைத்தார்கள். சுதந்திரமாக அலைந்து இனங்கலக்க வேண்டிய காட்டு விலங்கு பட்டி ஆடாக மாறிவிடுமோ என்று உயிரியல் அறிஞர்கள் இதைக் கண்டித்தார்கள். நெருக்கமாக வாழும் விலங்குகளிடையே சொறிநோய் பரவுவதும் பெருங் கவலையாயிற்று.

மூன்றாவது, கள்ள வேட்டை முற்றாக ஒழியவில்லை. சட்டப்படியான உரோமத்துடன் கள்ள உரோமமும் கலக்க முடியும். கரையிலே நெய்த அடையாளமும், அனுமதிப்பத்திரமும், அவற்றை உண்மையாகச் சோதிக்கும் சுங்க அதிகாரியும் இருந்தாலன்றி, நல்ல வியாபாரம் கள்ள வியாபாரத்துக்குப் போர்வையாகிவிடும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. விக்குஞாவுக்குப் பொருந்திய மருந்து எல்லா விலங்குக்கும் பொருந்தாது. உரோமத்தைக் கத்தரித்தால் மீண்டும் வளரும். யானையைக் கொன்றாலன்றிப் பெருந்தொகையாகத் தந்தம் எடுக்க முடியாது. ஆபிரிக்க யானையை 1989-ம் ஆண்டு முதலாம் அட்டவணையிற் சேர்த்துத் தந்த வியாபாரத்தைத் தடைசெய்ததன் காரணம் இதுவே. எங்கே கதவைத் திறப்பது, எங்கே பூட்டுவது என்பதைத் தீர்மானிக்க, ஒவ்வோர் இனத்தின் வாழ்க்கை முறையையும் தனித்தனியே அறிய வேண்டும்.

எமது கடலின் அடியில்

இனி எமது கரைக்கு வருவோம். அந்தீஸ் மலையின் விக்குஞாவைப் போலவே, உள்ளூரில் எவரும் விரும்பி உண்ணாத, ஆனால் தூரதேசச் சந்தையிற் பெருவிலை பெறும் ஓர் உயிர் எமது கடலில் உண்டு. அது கடலட்டை. மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கற்பிட்டிக் கடல்களிற் சுழியோடி எடுத்து, அவித்து, உலர்த்தி, சீன மக்களின் விருந்துக்காக ஹொங்கொங், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு அனுப்புகிறார்கள். இவ்வியாபாரம் மிகப் பழையது.

கடலட்டை அருவருப்பான ஒரு பிராணி என்று ஒதுக்குவோர், அது செய்யும் தொண்டை அறியார். மண்புழு வயலுக்குச் செய்வதைக் கடலட்டை கடற்படுகைக்குச் செய்கிறது. மணலை உட்கொண்டு, அதிலுள்ள அழுகலை உண்டு, மணலைச் சுத்தமாக வெளிவிடுகிறது. அது இனம்பெருகும் முறையையும் கவனிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் தத்தம் வித்தையும் முட்டையையும் நீரிலே விட, அவை அங்கே சந்தித்துக் கருவாகின்றன. அட்டைகள் ஒன்றுக்கொன்று தூரமாகிவிட்டால், வித்தும் முட்டையும் சந்திப்பதில்லை. ஆகவே கடைசி அட்டை பிடிபடுமுன்னரே அவ்வினம் பெருகுவது நின்றுவிடக்கூடும்.

சைற்றிஸ் உடன்படிக்கையின் 18-ம் மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடைபெறவிருந்தது. அவ்வாண்டு ஏப்ரில் 21-ம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, எமது ஆலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களின் பின்னர் அது ஒத்திவைக்கப்பட்டு, ஓகஸ்ட் மாதம் ஜெனீவா நகரில் நடந்தது. அம்மாநாட்டிலேதான், பக்கங்களில் காம்பு போன்ற புடைப்புக்களையுடைய மூன்று கடலட்டை இனங்கள் இரண்டாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. இம்முடிவு 2020 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2022-ல் பனாமா மாநாடு மற்றொரு கடலட்டைக் குலத்தையும் சேர்த்துக்கொண்டது. இதன் பொருள், இவற்றைப் பிடிக்கவே கூடாது என்பதன்று. எடுக்கும் அளவு இனத்தைப் பாதிக்காது என்று கண்டறிந்து, அனுமதிப்பத்திரத்துடன் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்பதே.

இங்கு நாம் விக்குஞாவின் பாடத்தைப் பொருத்திப் பார்க்கலாம்.

அந்தீஸ் நாடுகள் ஒரே விலங்குக்கு ஒத்த சட்டங்களை வகுத்தன. பாக்குநீரிணையின் கதை வேறு. இந்தியா 2001-ம் ஆண்டு கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தது. இலங்கையில் அனுமதிப்பத்திரத்துடன் பிடிக்கலாம். கடலுக்கு எல்லைக்கோடு தெரியாது. அக்கரையிற் குற்றமான சரக்கு, இரவோடிரவாக இக்கரைக்கு வந்தால், ஏற்றுமதிச் சரக்காகிவிடுகிறது. இவ்வாறான கடத்தல்கள் பிடிபட்ட செய்திகளை நீங்கள் அடிக்கடி வாசித்திருப்பீர்கள். இரு கரையும் ஒரு சொல்லுக்கு வராதவரை, அக்கரைத் தடையும் இக்கரை அனுமதியும் ஒன்றையொன்று தோற்கடிக்கும்.

அடுத்தது உரிமை. சுழியோடுபவன் உயிரைப் பணயம் வைக்கிறான். ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுந்தால், உடலிற் காற்றுக் குமிழிகள் உண்டாகி முடமாகவோ மரணமாகவோ முடியலாம். அட்டை அருகிவிட்டால், அவன் மேலும் ஆழத்துக்குப் போக நேருகிறது. ஆகவே அட்டையைக் காப்பதும் அவனைக் காப்பதும் ஒன்றே. ஆனால் அவன் எடுத்தது எவ்விலைக்கு ஹொங்கொங் சந்தையிற் போகிறது என்பது அவனுக்குத் தெரிவதில்லை. முற்பணம் கொடுத்தவரே விலையையும் சொல்கிறார்.

அண்மை ஆண்டுகளில் வடபகுதிக் கடனீரேரிகளிலும் ஆழமற்ற கரையோரங்களிலும் கடலட்டைப் பண்ணைகள் பெருகியிருக்கின்றன. பல குடும்பங்களுக்கு அவை வருமானம் தருகின்றன. அதேவேளையில், வலை விரித்த இடம் அடைபட்டது என்றும், படகுப் பாதை மறிபட்டது என்றும் சிறு தொழிலாளர் முறையிட்டுள்ளனர். பேருவின் கம்பி வேலியை இங்கே நினைத்துப் பாருங்கள். பொதுவான கடலை அடைக்கும்போது, அடைப்பின் உள்ளே யார், வெளியே யார் என்று கேட்பது ஊராரின் உரிமை.

முடிவாக

வியாபாரம் தானாக நல்லதுமன்று, தானாகக் கெட்டதுமன்று. அது கத்தியைப் போன்றது. அது காவலாக வேண்டுமாயின் நான்கு காரியங்கள் ஒருங்கே அமைய வேண்டும். எத்தனை உண்டு என்று எண்ண வேண்டும். பெருகுவதிலும் குறைவாகவே எடுக்க வேண்டும். அருகிலிருந்து காப்பவனுக்கு உரிமையும் நீதியான கூலியும் சேர வேண்டும். வாங்கும் நாடும் விற்கும் நாடும் அனுமதிப்பத்திரத்தைப் பொய்யின்றிப் பேண வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் நில்லா.

சட்டத்தை இயற்றுவது அரசின் வேலை என்று நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. குஞ்சு அட்டையையும் சினை மீனையும் விற்கக் கொண்டு வருபவனிடம், "இதைத் திரும்பக் கடலிலே விடு" என்று சொல்லும் துணிவு கடற்கரைச் சங்கத்துக்கு இருக்க வேண்டும். அவ்வாறு விட்டுவிட்டு வெறுங்கையுடன் வருபவனின் குடும்பத்துக்கு அன்றிரவு சோறு கிடைக்க வழி செய்யும் கடமையும் அதே சங்கத்துக்கு உண்டு. பின்னையதைச் செய்யாமல் முன்னையதை மாத்திரம் சொல்லுவோமாயின், 1825-ம் ஆண்டில் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின் கதியே எமது சொல்லுக்கும் நேரும்.

குடும்பமாக அமர்ந்து கலந்துரையாடுவதற்கு

1. விக்குஞாவைக் கொல்வதைத் தடைசெய்த பழைய சட்டங்கள் ஏன் பயனளிக்கவில்லை? அந்த இடையனின் நிலையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

2. சைற்றிஸ் உடன்படிக்கையின் முதலாம், இரண்டாம் அட்டவணைகளுக்கிடையே உள்ள வேறுபாடு யாது?

3. உங்கள் ஊரில் முன்பு தாராளமாகக் கிடைத்து, இப்போது அருகிவிட்ட மீன், சிப்பி, மரம் ஏதேனும் உண்டா? அதைப் பற்றி வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறியுங்கள்.

4. உங்கள் வீட்டார் பிடிக்கும் அல்லது விளைவிக்கும் பொருளுக்கு இறுதியாக வாங்குபவர் என்ன விலை கொடுக்கிறார்? அதில் உங்கள் வீட்டுக்கு வருவது எத்தனை பங்கு? விலையை அறிவதற்கு உங்கள் சங்கம் என்ன செய்யலாம்?